சுழலி வந்தது, சீமெந்து வரவில்லை

ஆப்கானிஸ்தானின் காஜகி நீர்மின் அணைக்கு 2008 செப்டெம்பரில் பிரித்தானியப் படையினர் மின்சாரம் பிறப்பிக்கும் புதிய சுழலியை (turbine) கொண்டுசேர்த்ததைப் பற்றிய கட்டுரை ஒன்றை வாசித்தேன்; கட்டுரையாளர் அதை வெற்றியாகவே எழுதி முடித்துவிட்டார். ஆனால், ஏறத்தாழ நூறு வாகனங்களின் தொடரணியில் பகுதி பகுதியாக வந்த அந்த இயந்திரத்தைப் பொருத்துவதற்கு வேண்டிய நூற்றுக்கணக்கான தொன் சீமெந்தைப் பாதுகாப்பற்ற வீதியால் ஏற்றிவர இயலாமற்போனமையால், அது பல ஆண்டுகள் அணையருகே சும்மா கிடந்து, 2016இல்தான் இயங்கத் தொடங்கியது. அதன் மின்கம்பிகள் தலிபான்களின் பிடியிலிருந்த ஊர்களைக் கடந்தே நகரங்களை அடைந்தன. அவ்வூர்களில் மின்கட்டணத்தை அவர்களே அறவிட்டார்கள் என்பதையும் சேர்த்திருக்கலாம். இலங்கை மலையகத்தின் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கப் பழைய மஸ்கெலியா நகரையே கொடுத்தவர்கள், தோட்ட மக்களாகிய நாங்கள் (வரட்சியில் பழைய கோவில் இன்றும் தலைகாட்டும்). அந்த நீரில் பிறந்த மின்சாரம் எங்கள் லயன் அறைகளுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளுக்கு) எவ்வளவு தாமதித்து வந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, கம்பி யார் வீடுவரை போனது என்று சொல்லாத கட்டுரை அரைகுறையாகவே தோன்றும்.