லேப்டாப்பை மாற்றும் முன் டிரைவரைப் பாருங்கள்

ஜூன் பிறந்தால் போதும், கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டுக்கு வீடு லேப்டாப் பேச்சுதான். முதல் வருஷம் சேரும் பிள்ளைக்குப் புதிதாக வாங்குவது ஒரு பக்கம். மூன்றாம் வருஷம் போகும் பிள்ளை "இதுல கேமே ஓட மாட்டேங்குது, மாத்தியே ஆகணும்" என்று நிற்பது இன்னொரு பக்கம். இந்தப் பதிவு அந்த இரண்டாவது வீட்டுக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் சிப் (திரையில் வரும் படங்களை வரைந்து தரும் சிப்) உள்ள லேப்டாப்புக்கு நாம் கொடுக்கும் பணம் உள்ளே இருக்கும் சிப்புக்கு மட்டும் இல்லை. அந்தச் சிப்பைச் செய்த கம்பெனி அடுத்த பல வருஷங்களுக்கு வெளியிடப் போகும் டிரைவர்களுக்கும், அதாவது அந்தச் சிப்பை ஓட்டும் மென்பொருளுக்கும், சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அது நமக்கு வர வேண்டிய பொருள். அதை வாங்கிக்கொள்ளாமலே லேப்டாப்பைப் பழசு என்று ஒதுக்கிவிட்டு, அடுத்ததற்கு இஎம்ஐ போடுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை.

கேம் ஒரு சுவரையோ புகையையோ திரையில் காட்ட வேண்டுமென்றால் டைரக்ட்எக்ஸ், வல்கன் மாதிரி ஒரு பொதுவான வழியில்தான் கேட்கும். அதை அந்தச் சிப்புக்கு மட்டுமே புரியும் கட்டளையாக மாற்றுவது டிரைவரின் வேலை. 60 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம்) வேண்டுமென்றால் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு ஃபிரேம் வெளியே வந்தாக வேண்டும். மாற்றித் தருகிறவன் அசமந்தமாக இருந்தால் சிப் எவ்வளவு வேகமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இது வெறும் பேச்சு இல்லை. இன்டெல் 2022இல் ஆர்க் என்ற கிராபிக்ஸ் கார்டுகளை வெளியிட்டபோது டைரக்ட்எக்ஸ் 9இல் ஓடும் பழைய கேம்கள் அதில் திணறின. அந்த வருஷக் கடைசியில் வந்த டிரைவரிலேயே சில கேம்களில் வேகம் 1.8 மடங்கு வரை கூடியது என்று இன்டெலே கணக்குக் கொடுத்தது. சிப்பில் ஒரு துரும்பும் மாறவில்லை. அதே 2022 ஜூலையில் ஏஎம்டி, டைரக்ட்எக்ஸ் மாதிரி இன்னொரு வழியான ஓப்பன்ஜிஎல்லுக்குரிய பகுதியைச் சீர்செய்து டிரைவர் விட்டது, மைன்கிராஃப்ட் ஆடும் பையன்களுக்கு அது பெரிய வரம். 2025 ஜனவரியில் என்விடியா டிஎல்எஸ்எஸ் 4 (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கித் தெளிவாக்கும் வசதி) கொண்டுவந்தபோது அதன் மேம்பட்ட படத்தெளிவு பழைய ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வரைக்கும் டிரைவர் வழியாகவே கிடைத்தது. ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப்பை 2021இல் வாங்கியவருக்கு, வாங்கிய அன்று இல்லாத ஒன்று நாலு வருஷம் கழித்துச் சும்மா வந்து சேர்ந்தது. எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள்?

திருப்பூரில் இருக்கும் என் அக்கா போன வருஷம் போன் செய்தாள். "ஏந் தம்பி, பெரியவனுக்குச் சீட்டு எடுத்துப் புது லேப்டாப் வாங்கிக் குடுத்தர்லாம்னு இருக்கறேன். கடைல பாத்துட்டு போர்டு வீக்காயிருச்சுன்னு சொல்லிட்டாங்களாமா." சீட்டு எடுப்பதென்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழிவு போக வரும் பணத்துக்கு மாசாமாசம் முழுத் தவணை கட்ட வேண்டும். "ஞாயித்துக்கிழமை வர்றேன், அதுவரைக்கும் சீட்டுல கை வைக்காதே" என்றேன்.

ஜிடிஎக்ஸ் 1650 உள்ள நல்ல லேப்டாப் அது. பையன் கேமை ஓட்டிக் காட்டினான், உண்மையிலேயே ஸ்லைடு ஷோ மாதிரிதான் நகர்ந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனேன். அங்கே ஜிபியூ 0, ஜிபியூ 1 என்று இரண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கும். முதலாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ், அடுத்தது என்விடியா. இன்டெல் நூறு சதவீதத்தை முட்டிக்கொண்டிருந்தது. என்விடியா கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய சிப் தூங்கிக்கொண்டிருக்க, வேலையெல்லாம் சின்னச் சிப்பான இன்டெல் தலையில். அதே பக்கத்தின் கீழே டிரைவர் தேதியும் இருக்கும். வாங்கிய வருஷத்துக்கும் முந்தைய வருஷம்! பெட்டியிலிருந்து பிரித்ததிலிருந்து யாருமே அதைத் தொடவில்லை.

"மாமா, டிவைஸ் மேனேஜர்ல அப்டேட் குடுத்துப் பாத்தேன். பெஸ்ட் டிரைவர் ஆல்ரெடி இருக்குன்னு வருது" என்றான். இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அந்தப் பட்டன் நம் கம்ப்யூட்டருக்குள்ளும் மைக்ரோசாஃப்டிடமும் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறது. என்விடியாவோ ஏஎம்டியோ நேற்று வெளியிட்டதைப் பற்றி அதற்குத் தெரியாது. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தைப் பார்த்தாலும், மாடல் பழசானால் அங்கே புது டிரைவர் வருவது நின்றுபோகும். சிப் தயாரித்தவரின் தளத்துக்கே நேராகப் போக வேண்டும். என்விடியா தளத்தில் சிப்பின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது நோட்புக்ஸ் என்று போட்டிருக்கும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல், ஏஎம்டி இரண்டுமே உங்கள் கம்ப்யூட்டரைத் தானே பார்த்து டிரைவரை எடுத்துத் தரும் சின்ன மென்பொருள் வைத்திருக்கின்றன. கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் "டிரைவர் அப்டேட்டர்" எதையும் இறக்காதீர்கள். முப்பது டிரைவர் பழசு என்று சிவப்பில் பயமுறுத்திவிட்டுக் காசு கேட்கும், கூடவே வேண்டாததெல்லாம் உள்ளே புகுத்தும். சிப் கம்பெனிகள் டிரைவருக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்பதில்லை.

என்விடியா டிரைவர் ஒன்று 600 எம்பிக்குக் குறையாது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று ரீசார்ஜ் செய்து ஹாட்ஸ்பாட்டில் ஓட்டும் பிள்ளைகளுக்கு அது அன்றைய டேட்டாவில் ஒரு பெரிய பங்கு. பாதியில் அறுந்தால் வயிறு எரியும். வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கி பென் டிரைவில் எடுத்துக்கொள்வது உத்தமம். பழைய டிரைவர் ஃபைலையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், பிறகு தேவைப்படலாம்.

இன்ஸ்டால் ஆகும்போது திரை சில நொடி கறுப்பாகும், மினுக்கும். அதுதான் பழைய டிரைவர் இறங்கிப் புதியது ஏறும் நேரம். பயந்துபோய் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிடாதீர்கள். சார்ஜர் சொருகியிருக்கட்டும். முன்பு பல தடவை டிரைவர் மேல் டிரைவர் போட்டுக் குழம்பிய மெஷின் என்றால் கஸ்டம் முறையில் போய் கிளீன் இன்ஸ்டாலேஷனை டிக் செய்யுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மட்டும் டிடியூ என்ற இலவச மென்பொருளை சேஃப் மோடில் ஓட்டிப் பழையதைச் சுத்தமாகத் துடைக்கலாம். அப்போது இன்டர்நெட்டைத் துண்டித்து வையுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் பழைய டிரைவரை முந்திக்கொண்டு போட்டுவிடும்.

டிரைவர் ஏறிய பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், அந்தக் கேமைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். எந்தக் கேம் எந்தச் சிப்பில் ஓட வேண்டும் என்பதை அங்கேதான் சொல்கிறோம். அக்கா பையனுக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் விடிவு வந்தது. மறுபடி கேமைத் திறந்தபோது என்விடியா கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அக்கா சீட்டை அப்படியே விட்டுவிட்டாள்.

போர்டு வீக் என்று சொன்ன கடையில் டாஸ்க் மேனேஜரைக்கூடத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. டிரைவர் போட்டுக் கொடுத்து முந்நூறு ரூபாய் வாங்கியிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்போம். அது நேர்மையான உழைப்பு. அப்படிச் செய்து கொடுக்கும் சர்வீஸ் பையன்கள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் போங்கள்.

புது டிரைவர் போட்ட உடனே முதல் ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பழைய டிரைவர் கேமுக்காக முன்கூட்டியே மாற்றிச் சேர்த்து வைத்திருந்த கட்டளைகள் (ஷேடர் கேஷ்) செல்லாமல் போய்விடும், புதிதாகக் கம்பைல் ஆகி முடியும் வரை அங்கங்கே தடுக்கும். "அப்டேட் பண்ணி இன்னும் மோசமாயிருச்சு" என்று அன்றைக்கே பழையதற்குத் திரும்புகிறவர்கள் பாதிப் பேர் இதைத்தான் பார்த்திருப்பார்கள். விண்டோஸ் பட்டனோடு ஜி-யைச் சேர்த்து அழுத்தினால் வரும் கேம் பாரில் எஃப்பிஎஸ் தெரியும். அதே மேப், அதே இடம், அதே செட்டிங் வைத்து முன்னும் பின்னும் பாருங்கள். சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் சோதிக்கவே வேண்டாம். என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் பல லேப்டாப்களில் 30 எஃப்பிஎஸ்ஸோடு நிறுத்திவிடும்.

அதற்காக வாரா வாரம் வருவதையெல்லாம் போட வேண்டும் என்று சொல்லவில்லை. கம்பெனிகளும் சொதப்புவார்கள். 2010 மார்ச்சில் வந்த என்விடியா 196.75 டிரைவர் ஃபேன் வேகத்தையே குழப்பி, கார்டுகள் சூடாகிப்போய், அதைத் திரும்பப் பெற்றார்கள். 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடு வந்த டிரைவர்களில் திரை கறுப்பாகிப்போகும் தொல்லை, அதைச் சரிசெய்ய மேலும் மேலும் ஹாட்ஃபிக்ஸ் என்ற அவசரத் திருத்தங்கள். 2024 டிசம்பரில், அப்போதுதான் வந்திருந்த என்விடியா ஆப்பின் கேம் ஃபில்டர் வசதியே சில கேம்களின் வேகத்தைக் குறைப்பதாகத் தெரிந்தது, அதை அணைத்தால் சரியானது. எனவே நீங்கள் ஆடும் கேம் புதிதாக வந்திருந்தாலோ, ஏதாவது தொல்லை இருந்தாலோ உடனே போடுங்கள். மற்றபடி ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துப் போட்டால் போதும். தொல்லை வந்தால் பழைய டிரைவருக்குத் திரும்ப டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் இருக்கிறது, நீங்கள் எடுத்து வைத்த பழைய ஃபைலும் இருக்கிறது.

டிரைவரால் முடியாததும் உண்டு. 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காகப் போட்டு வரும் லேப்டாப்களில், தனி கிராபிக்ஸ் சிப் இல்லாதவற்றுக்கு, இன்னொரு ஸ்டிக் போடுவதுதான் பெரிய மாற்றம் தரும். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது.

அப்புறம் சூடு. கரூர் பரமத்தியில் மே மாத வெயில் எப்படி என்று தெரியும். ஆனால் வெயிலைவிட எனக்கு அதிக வேலை வைப்பது பஞ்சு. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பக்கத்து வீட்டிலும், பல்லடம், சோமனூர் தறிக்குடோன்களை ஒட்டிய வீட்டிலும் இருக்கும் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள். ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே பஞ்சு படிந்து, கம்பளித் துணித் துண்டு மாதிரி ஒரு பட்டை உட்கார்ந்திருக்கும். சாமணத்தால் பிடித்து இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். காற்று போக வழியில்லாமல் பிராசஸர் 95 டிகிரிக்கு மேல் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு ஒரே இழுவையாக இழுத்தால் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும். மெத்தை மேல் வைத்து ஆடினால் இன்னும் சீக்கிரம்.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் செகண்ட் ஹேண்ட் வியாபாரம் நன்றாக நடக்கிறது. ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று கேட்கிறோம். டிரைவர் இன்னும் வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஜிடிஎக்ஸ் 1050, 1050 டிஐ, 1060, எம்எக்ஸ் 150 இவையெல்லாம் என்விடியாவின் பாஸ்கல் என்ற பழைய தலைமுறை வகை. இவற்றுக்கும் இதற்கு முந்தைய மேக்ஸ்வெல்லுக்கும் புதுக் கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடியும், அதன் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் என்று என்விடியா அறிவித்துவிட்டது. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அதற்குப் பிந்தைய டூரிங் வகை, அது இந்தப் பட்டியலில் இல்லை. இன்டெலும் 2022லேயே 10ஆம் தலைமுறை பிராசஸர்கள் வரைக்குமான பழைய கிராபிக்ஸைத் தனியாக ஒதுக்கி, புதுக் கேம்களுக்கான டிரைவரை நிறுத்திவிட்டது. விற்கிறவர் 1060தான் 1650ஐவிட வேகம் என்பார். பல கேம்களில் அது உண்மையும்கூட. ஆனால் இனி வரும் கேம்களுக்கு அந்தச் சிப்புக்காக யாரும் டிரைவர் எழுதப் போவதில்லை. அந்த அளவுக்கு விலை குறைத்துக் கேளுங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுத்தாலும் டிரைவர் வரும் சிப்பையே எடுங்கள் என்பேன் நான்.

கேம் ஆடுவதற்கு இவ்வளவு அக்கறையா என்று கேட்கும் பெரியவர்களுக்கு: அதே சிப்பில்தான் உங்கள் பிள்ளை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும் வீடியோ எடிட்டிங்கும் கேட் (CAD) வரைபட மென்பொருளும் ஓட்டுகிறான். அதற்கென்றே என்விடியா ஸ்டுடியோ டிரைவர் என்று தனியாக விடுகிறது. தன் மெஷினுக்குள் எந்தச் சிப், எந்த டிரைவர் என்று தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பிள்ளையை நான் மதிக்கிறேன். திட்டாமல் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

லேப்டாப் மாற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் மாடல் பெயர், டாஸ்க் மேனேஜரில் தெரியும் இரண்டு ஜிபியூவின் பெயர், அவற்றின் டிரைவர் தேதி, ஆடும் கேம் இவ்வளவையும் கீழே எழுதுங்கள். போட்டோ எடுத்துப் போட்டாலும் சரி. வார நாளில் வேலை இருக்கும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன். அதுவரை கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.