எஸ்டேட் வேறு, மரீனா வேறு

தர்மபுரியில் விற்பனைக்கு வந்திருக்கும் பழைய டாடா எஸ்டேட் காரை "இண்டிகாவை இழுத்து நீட்டின வண்டி, இண்டிகா பார்ட்ஸே போதும்" என்று மேலே கருத்துகளில் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு. டாடாவின் சின்ன காரான இண்டிகா வந்ததே 1998-இல். எஸ்டேட் 1992-இலேயே வந்துவிட்டது. இண்டிகா குடும்பத்து வேகன் (பின்னால் சாமான் வைக்க நீண்ட இடமுள்ள கார்) 2004-இல் வந்த இண்டிகோ மரீனா. அதோடு இதைக் குழப்பிக்கொண்டார் போல.

எஸ்டேட் டாடாமொபைல் பிக்கப்பின் வழி வந்தது, டாடாவின் பழைய சியராவுக்கும் அதே அடித்தளம்தான். தனி சேஸி (அடிச்சட்டம்) மேல் பாடி, 1948 சிசி டீசல் இன்ஜின் நீளவாக்கில், இழுவை பின்சக்கரத்துக்கு. மரீனாவில் முன்சக்கர இழுவை, இன்ஜின் குறுக்குவாக்கில். கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எதுவும் மாற்றிப் போட முடியாது. சந்தேகமிருந்தால் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்: இன்ஜின் விசையைக் கொண்டுபோகும் நீளத் தண்டு, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் வரை ஓடும்.

அப்புறம் தம்பி, வாங்கப் போகிறீர்கள் என்றால் சேஸியில் துரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயின்ட் பளபளப்பெல்லாம் பிறகு. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஆளையும் சாமானையும் ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.