கண்ணாடி தானா விடணும்

செட்டிநாட்டுல எங்க ஊர் வீட்டுப் பட்டாலையில, அதாவது கூடத்துல, மழைத்தண்ணி இறங்கி ஒரு மூலையில 25 தரைக்கல்லு பேந்து போச்சு. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிரணும்னு ஆபீஸ்ல 6 நாள் லீவு போட்டு வந்தேன். வந்த கையோட இந்தப் பூப்போட்ட தரைக்கல்லு செய்ற ஆத்தங்குடிக்குப் போயி, பழைய கல்லு ஒண்ணக் காட்டி, இதே டிசைன்ல 30 வேணும், நாலு நாள்ல குடுத்துருங்கண்ணேன்னு கேட்டேன். பட்டறைக்காரர் கல்லத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "அச்சு இருக்கு ஆச்சி, இன்னைக்கே ஊத்திரலாம், காயறதுக்குத்தான் நாளாகும்"னாரு. காசு கூடத் தாரேன்னேன். "காசு குடுத்தா சிமெண்டு சீக்கிரம் இறுகிருமா ஆச்சி"ன்னு கேட்டாரு. கோவமாக் கேக்கல, சின்னப் பிள்ளைக்கு வெளக்குற மாதிரி பொறுமையாத்தான் கேட்டாரு.

எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. ஆனா வேற வழியில்லாம அங்கயே உக்காந்து பாத்தேன், அதுதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

ஒரு கண்ணாடிய கீழ வச்சு அது மேல சட்டத்தப் போட்டு, உள்ள டிசைன் அச்ச வைக்கிறாங்க. சாயம் கலந்த சிமெண்ட சின்னக் கரண்டியில மொண்டு ஒவ்வொரு கட்டத்துலயும் ஊத்துறாரு, செவப்பு, மஞ்சள், பச்சைன்னு. பூவுக்கு எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரியுது, கண்ணு சரியாக் கூடப் பாக்கல. அச்ச அலுங்காம எடுத்துட்டு மேல சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் கலவையப் போட்டு கரணையால இழுத்து விட்டா முடிஞ்சு போச்சு, அடுத்த கல்லு. எனக்கு ஒரு டீ ஆறுறதுக்குள்ள அவர் மூணு நாலு கல்லு ஊத்திட்டாரு. அதுக்குப் பெறகுதான் இருக்கு வேலை. இறுகணும், தொட்டித் தண்ணியில கெடக்கணும், காயணும், சூளை கெடையாது நெருப்பு கெடையாது. அந்தக் கண்ணாடி தானா விடணும், நம்ம அவசரப்பட்டுப் பிடுங்குனா பூவும் சேந்து வந்துரும்.

அங்க உக்காந்துருந்தப்பத்தான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுது. வேகமா வேலை செய்றது வேற, அவசரப்படுறது வேற. அவர் கை என்ன வேகம்! ஆனா மனசுல அவசரம்ங்கிறதே இல்ல. நான் அப்படியே தலைகீழ். சென்னையில ஒரு நாள்ல உருப்படியா முடிக்கிறது ரெண்டு வேலைதான் இருக்கும், ஆனா காலையில எந்திரிச்சதுலேர்ந்து படுக்குற வரைக்கும் யாரோ பின்னாடி வெரட்டுற மாதிரியே இருக்கும். பல்லு வெளக்கும்போது மெயில், சாப்பிடும்போது மீட்டிங், பிள்ளை எதாச்சும் சொல்ல வந்தா சீக்கிரம் சொல்லுன்னு வாயில வந்துரும். "நிதானமா இரு"ன்னு சொன்னா எல்லாரும் வேலைய விட்டுட்டு கிராமத்துக்குப் போறதத்தான் நினைக்கிறாங்க. அது தேவையில்லைங்க. நான் சொல்றது கையில இருக்க வேலையில முழுசா இருக்கிறது, காயவேண்டியதக் காய விடறது, அவ்வளவுதான்.

கல்லு வர்றதுக்கில்லன்னு தெரிஞ்சதும் மிச்ச நாள் அப்பத்தா கூடவே இருந்தேன். வளவுல, அதான் வீட்டுக்குள்ள இருக்க முத்தத்துல, உக்காந்து அவரக்கா உரிச்சோம். மத்தியானம் வெறும் கல்லுல தலகாணி மட்டும் போட்டுப் படுத்தேன், வெளிய அந்த வெயில், உள்ள முதுகுக்கு அப்படி ஒரு குளுமை. ஒரு நாள் கருப்புக் கவுனி அரிசி இனிப்பு செய்யலாமா அப்பத்தான்னு கேட்டேன். "இப்பக் கேட்டா எப்புடித்தா, முந்துன நாளு ராத்திரியே ஊறப்போடணும்ல"ன்னாக. ஊறாத கவுனியக் குக்கர்ல எத்தன விசில் விட்டாலும் வெரகு மாதிரிதான் கெடக்கும். மறுநாள் அதக் குழைய வேக வச்சு சீனியும் தேங்காப்பூவும் போட்டுக் கையில வாங்குனப்ப, நேத்து ராத்திரியே இதுக்கு ஆசப்பட ஆரம்பிச்சதுனாலயோ என்னவோ, ரொம்ப வருஷமா மறந்துருந்த அந்த ருசி திரும்பக் கெடச்சுது. அந்த அரிசி பர்மாவுலேர்ந்து நம்மாளுக, நகரத்தார்ங்கிற செட்டியாருக, கொண்டாந்தது.

பர்மான்னதும் இதையும் சொல்லிரணும். அந்தக் காலத்துல கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி யாவாரம் பண்ண, போனவுக பொதுவா மூணு வருஷக் கணக்குல போவாக. அந்த மூணு வருஷமும் வீட்டுல இருந்த பொம்பளைக காத்துக் கெடந்தாகளே, அத நான் நிதானம்னோ அழகுன்னோ எழுத மாட்டேன். அது கஷ்டம். அப்பத்தா அவுக ஆத்தா கதைய இப்பச் சொன்னாலும் குரல் கம்மிப் போகுது. காத்திருக்கிறதெல்லாம் நல்லதுன்னு நான் சொல்ல வரல, நாமளா ஏத்துக்கிறது வேற, நம்ம மேல சுமத்துறது வேற.

நானா ஏத்துக்கிட்டதுன்னா எனக்குப் பழனி நடைதான். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியா நடந்து போறது தெரியும்ல. நானும் ரெண்டு தடவ போயிருக்கேன், கொப்புளம் வந்து அழுதுருக்கேன். ஆனா காவடி எடுத்தவுக திரும்பி வர்றதும் நடந்துதான். சாமியப் பாத்தாச்சு, வேண்டுதல் முடிஞ்சாச்சு, பஸ்ஸு நிக்கிது, இருந்தாலும் நடந்து வர்றாக. அந்தத் திரும்புற நடை எதுக்குன்னு எனக்கு முன்னல்லாம் புரியாது. இப்பக் கொஞ்சம் புரியுது, போறது மட்டும் பயணம் இல்ல, வீட்டுக்கு வர்றதும் பயணந்தான், அதையும் ஏன் தாண்டிக் குதிக்கணும்.

லீவு முடிஞ்சும் கல்லு வரல. கல்யாணத்தன்னைக்கு அந்த மூலையில ஜமுக்காளத்த விரிச்சாச்சு, அது மேலயே நாலு சித்தப்பாக்கமாரு உக்காந்து சீட்டு வெளையாண்டாக. ஒருத்தர் கூட கல்லப் பத்திக் கேக்கல. இதுக்குத்தான் அந்தப் பதட்டமான்னு இருந்துச்சு.

அப்புறமா வந்து பதிச்சாக. பூ அச்சு அசலா அதேதான், ஆனா பழைய கல்லுக்கும் புதுசுக்கும் நிறம் ஒட்டல, பழசு மங்கி ஒரு மாதிரி தேன் மாதிரி இருக்கு, புதுசு பளிச்சுன்னு தனியாத் தெரியுது. கொத்தனார்ட்டக் கேட்டதுக்கு "தேங்காண்ணெய் தொட்டுத் துடைங்க, மத்தபடி ஆள் நடக்க நடக்கத்தான் சேரும்"னாரு. இப்பத் தம்பி போன்ல சொல்றான், அப்பத்தா தினம் சாயங்காலம் கம்ப ஊண்டிக்கிட்டு அந்த மூலைக்குப் போயி ரெண்டு சுத்து நடந்துட்டுத்தான் காபி குடிக்கிறாகளாம்.