சீட்டுக் குலுக்கலா வெரோனாவைச் சாம்பியனாக்கியது?

எதிர்பாராத ஓர் அணி ஒரு நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கை வெல்லும்போதெல்லாம் பழைய உதாரணங்களை எடுத்துப் பேசுவது ரசிகர்களின் வழக்கம். 2015-16-இல் இங்கிலாந்தின் பட்டத்தை வென்ற லெஸ்டர் சிட்டியைச் சொல்வார்கள். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் சீரி ஆ பட்டத்தை வென்ற ஹெல்லாஸ் வெரோனாவையும் சொல்வார்கள். லெஸ்டரைப் பற்றி வியப்போடு நிறுத்திக்கொள்கிறவர்கள், வெரோனாவின் பெயரோடு மட்டும் ஒரு வாலைச் சேர்த்துவிடுகிறார்கள்: "அந்த ஆண்டு மட்டும்தானே நடுவர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தார்கள்!" பல ஆண்டுகளாக இந்த வாசகம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த 1984-85 சீசனின் பழைய ஆட்டப் பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்தவன் என்ற முறையில், என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் அந்தக் குலுக்கல் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதை அதற்கென்று பொறுப்பில் இருப்பவர் முடிவு செய்வதே வழக்கமான முறை. முக்கியமான ஆட்டங்களுக்கு அனுபவசாலிகளை அனுப்பலாம் என்பது அந்த முறைக்குச் சொல்லப்படும் நியாயம். அனுப்புகிறவர் மீது பெரிய கழகங்களின் செல்வாக்கு படியலாம் என்பது அதன் மீதுள்ள ஐயம். 1980-இல் இத்தாலியக் கால்பந்தை உலுக்கிய சூதாட்ட ஊழலில் மிலானும் லாசியோவும் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டன; பாவ்லோ ரோசி உள்ளிட்ட பல வீரர்கள் தடை செய்யப்பட்டனர். அந்த ஊழல் நடுவர்களைப் பற்றியதன்று. ஆனாலும் ஒருமுறை நம்பிக்கை உடைந்த இடத்தில் எல்லோர் மீதும் சந்தேகம் விழுவது இயல்பு. 1984-85 சீசனில் எல்லா ஆட்டங்களுக்கும் நடுவர்களை முழுக்க முழுக்கக் குலுக்கல் முறையிலேயே நியமித்தார்கள். அந்த ஒரு சீசனோடு அது முடிந்தும் போனது. அதே சீசனில் வெரோனா வென்றதால் இரண்டையும் முடிச்சுப் போடுவது மிக எளிதாகிவிட்டது.

அந்த லீக் எப்படிப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 16 அணிகள், 30 ஆட்டங்கள், வெற்றிக்கு 2 புள்ளி, ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டு வீரர்கள் மட்டுமே. அந்த இரண்டு இடங்களுக்காக உலகின் தலைசிறந்தவர்கள் அனைவரும் இத்தாலிக்கு வந்திருந்த காலம் அது. நபோலியில் மரடோனா, யுவென்டஸில் பிளாட்டினியும் போனியெக்கும், உதினேசேயில் சீகோ, ஃபியோரெந்தினாவில் சாக்ரடீஸ், ரோமாவில் ஃபால்காவ், இண்டரில் ரும்மனிகே, சம்ப்தோரியாவில் சூனஸ், தொரினோவில் ஜூனியர். உலகக் கோப்பை ஒன்றையே ஒன்பது மாதங்களுக்கு நீட்டி நடத்தியது போன்ற லீக். அதில் முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை முதலிடத்தை விட்டுக் கொடுக்காத அணி வெரோனா.

குலுக்கல்தான் காரணம் என்பவர்கள் வசதியாக விட்டுவிடும் செய்தி, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள். 1981-இல் ஓஸ்வால்டோ பன்யோலி பயிற்சியாளராக வந்தபோது வெரோனா இரண்டாம் நிலையில் இருந்தது. 1982-இல் அந்த நிலையின் சாம்பியனாக மேலே ஏறியது. ஏறிய முதல் சீசனிலேயே, 1982-83-இல், நான்காம் இடம். அடுத்த ஆண்டு ஆறாம் இடம். 1983, 1984 இரண்டு ஆண்டுகளிலும் இத்தாலியக் கோப்பையின் இறுதிப் போட்டி. 1983 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் யுவென்டஸை 2-0 என்று வென்றிருந்த வெரோனா, தூரினில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 3-0 என்று தோற்றுக் கோப்பையை இழந்தது. அடுத்த ஆண்டு ரோமாவிடம் ஒற்றை கோல் வேறுபாட்டில் தோல்வி. இவை எல்லாமே பழைய நியமன முறை நடைமுறையில் இருந்தபோது நடந்தவை. படிப்படியாக ஏறி வந்து, இரண்டு முறை வாசல்படியில் தடுக்கி விழுந்து, மூன்றாம் முறை உள்ளே நுழைந்த அணியைப் பார்த்து, "யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள்" என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

பன்யோலி மிலான் நகரத்தின் தொழிற்சாலைப் பகுதியான போவிசாவில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அதிகம் பேசாதவர், வீரர்களை அவரவருக்கு இயல்பான இடத்தில் ஆட விட்டு மற்ற சிக்கல்களை விலக்கி வைத்தவர். அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் பலர் வேறிடங்களில் வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள். வலப்பக்கம் ஓடிய பியெத்ரோ ஃபன்னாவும் முன்களத்தில் ஆடிய ஜுசெப்பே கால்டெரிசியும் யுவென்டஸில் நிலையான இடம் கிடைக்காதவர்கள். தலைவரும் கடைசித் தடுப்பாட்டக்காரருமான ரொபெர்த்தோ திரிச்செல்லா இண்டரின் இளையோர் பிரிவிலிருந்து வெளியே வந்தவர். கோல்கீப்பர் கிளவுதியோ கரெல்லா லாசியோவில் இருந்த நாள்களில் தம் தவறுகளுக்காகக் கேலி செய்யப்பட்டவர். கரெல்லாவின் ஆட்டத்தை இன்று பார்க்கும்போதும் மனம் பதறும். கையால் பிடிக்க வேண்டிய பந்தைக் காலால் உதைத்துத் தடுப்பார், விழ வேண்டிய விதத்தில் விழமாட்டார், ஆனால் பந்து கோலுக்குள் போகாது. அந்த சீசனில் வெரோனா வாங்கிய கோல்கள் மொத்தம் 19. லீக்கிலேயே அதுதான் மிகக் குறைவு.

1984 கோடையில் இரண்டு வெளிநாட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். மேற்கு ஜெர்மனியின் ஹான்ஸ்-பீட்டர் பிரீகெல் கைசர்ஸ்லவுடனிலிருந்து வந்தார். பத்து வகைத் தடகளப் போட்டியில் ஈடுபட்டுப் பின்பு கால்பந்துக்கு வந்தவர் என்பது அவருடைய ஓட்டத்திலேயே தெரியும். டென்மார்க்கின் பிரெபென் எல்க்யார் பெல்ஜியத்தின் லோகரன் கழகத்திலிருந்து வந்தார். பெரிய கழகங்கள் அள்ளிக்கொண்டு போன நட்சத்திரங்களுக்கு நடுவே, இந்த இரண்டு தேர்வுகளும்தான் அந்தக் கோடையின் மிகச் சிறந்த கொள்முதல்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

1984 செப்டம்பர் 16. சீசனின் முதல் நாள். மரடோனா இத்தாலிய லீக்கில் ஆடிய முதல் ஆட்டம் வெரோனாவின் பென்தெகோதி அரங்கில்தான் நடந்தது. அவரைக் காக்கும் வேலையைப் பன்யோலி பிரீகெலிடம் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் நான் திரும்பத் திரும்பக் கவனிப்பது, மரடோனாவை அடக்கிவைத்த அதே மனிதர் எதிர்ப்பக்கக் கோல் பகுதிக்கும் ஓடிச் சென்று கோல் அடித்ததை. காவல் வேலைக்கு அனுப்பப்பட்டவர் தம் வேலையையும் முடித்து, எதிரணியின் வேலையையும் கெடுத்தார். கால்டெரிசியும் நடுக்கள வீரர் டி ஜென்னாரோவும் மற்ற இரண்டு கோல்களை அடிக்க, ஆட்டம் 3-1. அந்த மூன்று கோல்களையும் பார்த்த எவரும் நடுவரின் பெயரை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

நான்கு வாரங்கள் கழித்து, அக்டோபர் 14 அன்று, நடப்புச் சாம்பியன் யுவென்டஸ் அதே அரங்குக்கு வந்தது. கால்டெரிசி முதல் கோலை அடித்திருந்தார். ஆட்டத்தின் பின்பகுதியில் எல்க்யார் இடப்பக்கத்தில் பந்தோடு ஓடினார். தடுக்க வந்த ஸ்தெஃபானோ பியோலி (பிற்காலத்தில் பயிற்சியாளராக மிலானுக்கு 2022-இல் பட்டம் வாங்கித் தந்த அதே பியோலி) அவரைச் சாய்க்க முயன்றதில் எல்க்யாரின் வலக்கால் காலணி கழன்று போனது. அவர் நிற்கவில்லை, விழவில்லை, நடுவரை நோக்கிக் கையையும் உயர்த்தவில்லை. அடுத்த தடுப்பாட்டக்காரரையும் கடந்து, காலணி இல்லாத அந்த வலக்காலாலேயே பந்தை வலைக்குள் செலுத்தினார். 2-0. அன்று வேறொரு வீரராக இருந்திருந்தால் புல்லில் உருண்டு ஃப்ரீ கிக் கேட்டிருப்பார், அது கிடைத்திருக்கவும் கூடும். நடுவர் தரக்கூடியதைக் கேட்காமல் ஓடிய ஒருவருடைய காலுறையிலிருந்து பிறந்த கோல் அது. இந்த சீசனை நடுவர்களின் கதையாகச் சுருக்குகிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது அந்தச் சில விநாடிகளைத்தான்.

வெரோனா அந்த சீசனில் தோற்றது இரண்டே ஆட்டங்களில். ஜனவரியில் அவெல்லினோவின் ஊரில் 2-1, பின்பு சொந்த மண்ணில் தொரினோவிடம் 2-1. முதல் தோல்விக்குப் பிறகு அணி கலைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு பிப்ரவரியில் உதினேசே ஆட்டம் பதிலாக அமைந்தது. வெளியூரில் 3-0 என்று முன்னிலை பெற்ற வெரோனாவை உதினேசே விடாமல் துரத்தி 3-3 என்று பிடித்தது. சிறிய அணிகள் நொறுங்கிப் போவது இப்படிப்பட்ட பிற்பகல்களில்தான். வெரோனா மேலும் இரண்டு கோல்கள் அடித்து 5-3 என்று வென்றது. பன்யோலியின் அணி எதிர்த்தாக்குதலை மட்டுமே நம்பி ஒடுங்கி ஆடிய அணி என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. அவர்கள் இந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்தால் போதும்.

இறுதிக் கணக்கு இது: 15 வெற்றி, 13 சமன், 2 தோல்வி, 43 புள்ளிகள். இரண்டாம் இடம் பெற்ற தொரினோவுக்கு 39, இண்டருக்கு 38, சம்ப்தோரியாவுக்கு 37. மிலானும் யுவென்டஸும் தலா 36. பதின்மூன்று சமன்களா என்று இன்றைய ரசிகர்கள் முகம் சுளிப்பதுண்டு. வெற்றிக்கு 2 புள்ளி மட்டுமே இருந்த காலத்தில், வெளியூரில் எடுத்த ஒரு புள்ளி வெற்றியில் பாதி. அதை இன்றைய 3 புள்ளிக் கண்ணாடி வழியாகப் பார்க்கக் கூடாது. அந்தக் கணக்கில் 4 புள்ளி இடைவெளி என்பது இரண்டு முழு வெற்றிகள். கோல்களும் ஒருவரையே நம்பி வரவில்லை. கால்டெரிசி 11, நடுக்களத்திலிருந்து வந்த பிரீகெல் 9, எல்க்யார் 8.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். தொரினோ இரண்டாமிடத்திலும், சம்ப்தோரியா நான்காமிடத்திலும், யுவென்டஸ் ஆறாமிடத்திலும் முடிந்த பட்டியலைப் பார்க்கும்போது, குலுக்கல் எதையோ மாற்றியிருக்கலாம் என்று தோன்றுவதைக் குறைசொல்ல முடியாது. ஒரே ஒரு சீசனை வைத்து அதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் ஒரு வாதத்துக்காக அது மாற்றியது என்றே வைத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற குலுக்கலில் வெரோனாவுக்கும் அனுபவமற்ற நடுவர் வரலாம், யுவென்டஸுக்கும் வரலாம். நன்மையும் தீமையும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கக்கூடிய ஏற்பாட்டில் ஓர் அணி வென்றால், களங்கம் அந்த வெற்றியின் மீது எப்படி விழும்? விழ வேண்டுமானால், ஒரே அளவில் கிடைக்காத ஏற்பாடு இருந்த மற்ற ஆண்டுகளின் மீதல்லவா விழ வேண்டும்? குலுக்கலைச் சொல்லி வெரோனாவைக் குறைக்கிறவர்கள், தாங்கள் போற்றும் பட்டங்களைப் பற்றித்தான் ஒரு குற்றச்சாட்டை எழுதுகிறார்கள். அந்தக் குற்றச்சாட்டை நான் எழுதத் தயாராக இல்லை, ஏனென்றால் அதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. அவர்களிடமும் கிடையாது.

அந்த வீரர்களின் பிற்கால வரலாறும் பேசுகிறது. எல்க்யார் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து வாக்கெடுப்பில் 1984-இல் மூன்றாமிடமும் 1985-இல் இரண்டாமிடமும் பெற்றார். பிரீகெல் 1985-இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டி ஜென்னாரோ, கால்டெரிசி, திரிச்செல்லா மூவரும் 1986 உலகக் கோப்பைக்கான இத்தாலிய அணியில் இருந்தார்கள். கேலிக்குள்ளான அந்த கரெல்லாதான் 1986-87-இல் மரடோனாவின் நபோலி தன் முதல் பட்டத்தை வென்றபோது கோலில் நின்றவர். ஃபன்னா 1988-89-இல் இண்டரோடு சாம்பியனானார். குலுக்கல் முடிந்துபோன பிறகு, பழைய முறையின் கீழேயே, இந்த இருவரும் மீண்டும் அதே பட்டத்தைத் தொட்டார்கள்.

பட்டம் உறுதியானது 1985 மே 12 அன்று, ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போது, அட்டலாண்டா அணியின் ஊரான பெர்காமோவில். அட்டலாண்டா முதலில் கோல் அடித்தது. ஒரு புள்ளி போதும் என்ற நிலையில், இடைவேளைக்குப் பிறகு எல்க்யார் அதைச் சமன் செய்தார், 1-1. அடுத்த வாரம் சொந்த அரங்கில் கடைசி ஆட்டம். எதிரே வந்தது, ஜனவரியில் முதல் தோல்வியைக் கொடுத்த அவெல்லினோ. வெரோனா 4-2 என்று வென்றது.

அதற்குப் பிறகு நடந்தவை துயரமானவை. பத்தே நாள்களில், யுவென்டஸும் லிவர்பூலும் மோதவிருந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முன், பிரசெல்ஸின் ஹெய்சல் அரங்கில் 39 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பேரிடரின் நிழலில்தான் அடுத்த ஐரோப்பியக் கோப்பை தொடங்கியது. முதல் சுற்றில் கிரேக்கத்தின் பாவோக் அணியை வென்ற வெரோனாவுக்கு, இரண்டாம் சுற்றில் யுவென்டஸே எதிரணியாக வந்தது. வெரோனாவில் 0-0. தூரினில் நடந்த இரண்டாம் ஆட்டம் பார்வையாளர்களே இல்லாத வெற்று அரங்கில் நடந்தது. அங்கே யுவென்டஸ் 2-0 என்று வென்றது. நடுவரின் முடிவுகளைப் பற்றிய மனக்குறை வெரோனா ரசிகர்களிடம் இன்றும் ஆறவில்லை. 1990-இல் அணி மீண்டும் இரண்டாம் நிலைக்கு இறங்கியது.

1929-இல் அனைத்து அணிகளும் ஒரே பிரிவில் மோதும் லீக்காக சீரி ஆ தொடங்கியது முதல் இன்றுவரை, ஒரு மாநிலத்தின் தலைநகராக இல்லாத நகரத்திலிருந்து வந்து அதை வென்ற ஒரே அணி வெரோனாதான். தூரின், மிலான், ரோம், ஃபுளோரன்ஸ், பொலோன்யா, நேப்பிள்ஸ், ஜெனோவா, சர்தீனியாவின் காலியாரி என்று பட்டம் போன மற்ற ஊர்கள் எல்லாமே தலைநகரங்கள். அந்த வரிசையில் நிற்கும் பெயருக்கு அடியில் அடிக்குறிப்பு ஒன்று போட்டே ஆக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், நடுவர் குலுக்கலை அங்கே எழுத வேண்டாம். காலணி இல்லாமல் அடிக்கப்பட்ட அந்த கோலை எழுதுங்கள்.