அந்த எலிக்கு என்ன திமிரு?

நேத்துல இருந்து எந்த குரூப்பத் தொறந்தாலும் அந்த பட்டிமன்ற கிளிப்புதான். லிங்க் போடல, எல்லாரும் பாத்திருப்பீங்க. ஓசிடிங்கறதே திமிரு, வேலைவெட்டி இல்லாததால வர்றதுங்கற மாதிரி பேசி, "மூணு வேளையும் பாத்திரம் வெளக்க விட்டா கை கழுவுற வியாதி தன்னால போயிரும்"னு அந்தப் பேச்சாளர் சொல்றாரு, மொத்த மண்டபமும் கை தட்டுது. எனக்கு நெஞ்சு எரியுது.

ஓசிடி திமிரு இல்லைங்க. வேலைவெட்டி இல்லாததால வர்றதும் இல்ல. வேணாம்னு நெனச்சாலும் ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்ய வைக்கிற மூளையோட நோய் அது.

கண்ணுக்கு மேல, நெத்திக்குப் பின்னாடி ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸ்னு ஒரு பகுதி இருக்கு. உள்ள ஆழத்துல காடேட், அதுக்குப் பக்கத்துல தலாமஸ். "என்னமோ தப்பா இருக்கு, கவனி"ங்கற செய்தி இந்த மூணுக்கும் நடுவுல சுத்தி வரும், நமக்கெல்லாம் கையக் கழுவினதும் அது அடங்கிரும், இவங்களுக்கு அடங்காது. ஸ்கேன் எடுத்துப் பாத்தா இந்த இடங்கள் அளவுக்கு மீறி வேலை செய்யறது தெரியுது. கை சுத்தமாயிருச்சுன்னு அறிவுக்குத் தெரியும், ஆனா போதும்ங்கற அந்த நிம்மதி மட்டும் வரவே வராது.

இத நான் மொதல்ல புத்தகத்துல படிக்கல, எங்கக்காவப் பாத்து தெரிஞ்சுகிட்டேன். விரல் இடுக்குல தோல் வெடிச்சு ரத்தம் வரும், சோப்பு பட்டா எரியும், அழுதுகிட்டே கழுவுவா. "சுத்தமாத்தான்டா இருக்கு, எனக்கே தெரியுது, நிறுத்த முடியலடா"ம்பா. வேலை இல்லாதவளா அவ? ஸ்கூல் டீச்சர். வீட்டு சமையலும் அவதான், பாத்திரமும் அவதான். ஒரு டம்ளர வெளக்கி வெச்சுட்டு மறுபடி எடுப்பா, மறுபடி வெளக்குவா. அவர் சொன்ன வைத்தியத்த அவ தினமும்தான் செஞ்சா.

"எல்லாத்தையும் மூளைன்னு சொல்லி மாத்திரைய முழுங்க வைக்கிறீங்க"ன்னு கமெண்ட்டுக்கு வருவீங்க, தெரியும். 1992-ல அமெரிக்காவுல பாக்ஸ்டர்னு ஒரு டாக்டரும் அவர் டீமும் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. கொஞ்ச பேருக்கு ஃப்ளூஆக்ஸெடின் மாத்திரை, கொஞ்ச பேருக்கு மாத்திரையே இல்லாம நடத்தைப் பயிற்சி மட்டும். ரெண்டு பக்கமும் யாருக்கு நல்லாச்சோ அவங்களுக்கு வலது காடேட்டோட வேகம் குறைஞ்சிருந்துச்சு. பயிற்சியும் மூளையத்தான் மாத்துது. ஆனா அந்தப் பயிற்சி பாத்திரம் வெளக்கறது இல்ல. அழுக்குன்னு பயப்படுறதத் தொட்டுட்டு, கழுவாம, அந்தப் பதட்டத்தத் தாங்கிகிட்டு உக்காரணும். தெரிஞ்ச தெரபிஸ்ட் கூட இருந்து படிப்படியா செய்ய வைக்கணும்.

இன்னும் நம்பலைன்னா, 2007-ல எலிகள்ல SAPAP3ங்கற ஒரு மரபணுவ நீக்கிப் பாத்தாங்க. அந்த எலிங்க மூஞ்சித் தோல் புண்ணாகி முடி கொட்டற அளவுக்குத் தன்னைத்தானே தேச்சுகிட்டே இருந்துச்சுங்க. காடேட் இருக்கற ஸ்ட்ரையேட்டம் பகுதியில மட்டும் அந்த மரபணுவத் திருப்பி வெச்சதும் அந்தக் கோளாறு பெருமளவு சரியாச்சு. அந்த எலிக்கு என்ன திமிரு? யாரு செல்லம் குடுத்துக் கெடுத்தா?

"எனக்கும் ஓசிடிதான், பெட்ஷீட் மடிப்பு சரியில்லைன்னா தாங்காது"ங்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: அது உங்க பழக்கம், அதால உங்க வேலை போகல. காமெடிய காமெடியா எடுத்துக்கங்கன்னு சொல்றவங்களுக்கு பதிலே கிடையாது.

எங்கக்காவ மொதல்ல பாத்த டாக்டர் "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிரும்"னாரு. வந்த ரெண்டு மூணு வரனும் விஷயம் தெரிஞ்சதும் போன எடுக்கல. கடைசியா மனநல மருத்துவர் மாத்திரை ஆரம்பிச்சப்ப, இதுக்கு டோஸ் ஜாஸ்தி வேணும், பலன் தெரிய 8-லேருந்து 12 வாரம் ஆகும்னு தெளிவா சொல்லி அனுப்புனாரு, ஆனா ஒரு மாசத்துக்குள்ள சொந்தக்காரங்க எல்லாம் கூடி "மாத்திரைக்கு அடிமையாயிருவ"ன்னு பயமுறுத்தி நிறுத்த வெச்சாங்க. அதுக்கப்புறம் அவ பட்டது எனக்கும் எங்கம்மாவுக்கும்தான் தெரியும். அன்னைக்கு நிறுத்தச் சொன்ன அதே மாமாதான் நேத்து ராத்திரி குடும்ப குரூப்புல இந்த கிளிப்ப மொதல்ல போட்டாரு, சிரிப்பு எமோஜியோட. அந்த குரூப்புல எங்கக்காவும் இருக்கா மாமா. மறந்துருச்சா?

இப்ப அவ மறுபடி மாத்திரை எடுக்கறா, தெரபியும் போயிட்டிருக்கு. முன்னவிட நல்லா இருக்கா. உங்க வீட்டுல யாராவது இப்படி இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

அந்த கிளிப்ப இனி எனக்கு யாரும் அனுப்பாதீங்க. அனுப்பினா பிளாக் பண்ணிருவேன், சொந்தமா இருந்தாலும்.