பச்சையை மஞ்சளாக்கும் முன் ஊரைக் கேளுங்கள்

எந்த நிலம் எதற்கு என்று பிரிக்கும் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு எந்த ஊருக்கு வந்தாலும் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரே மாதிரிதான் நடக்கிறது. மண்டபச் சுவரில் வண்ண வரைபடம் தொங்கும். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. மைக்கைப் பிடித்தவர்கள் "விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்" என்று முழங்குவார்கள். கைதட்டல் விழும், டீ வரும், கூட்டம் கலையும். பச்சை மேல் ஏறிய மஞ்சள் அப்படியே இருக்கும்.

இதற்கு அதிகாரிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. முழக்கத்தை வைத்து எந்தக் கோப்பிலும் திருத்தம் போட முடியாது. சர்வே எண் இருந்தால் போடலாம். அதைவிட முக்கியம், வண்ணம் தீட்டி முடித்த பிறகு மக்களைக் கூப்பிடும் வழக்கமே தலைகீழ். எந்த வயலில் இப்போது என்ன விளைகிறது என்று கணக்கெடுக்கும்போதே ஊரைக் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 26. வரைவுத் திட்டம் தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வர வேண்டும், எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்க 2 மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். பலர் கவனிக்காத ஒரு வரி இதில் உண்டு. நேரில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்குத்தான் நேரில் பேச வாய்ப்பு. ஆகவே மனுவின் கடைசியில் "என்னை நேரில் விசாரிக்கக் கோருகிறேன்" என்று எழுதாமல் விடாதீர்கள். அந்த 2 மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது? கோவைக்கு 1994-இல் ஒப்புதலான திட்டம் முப்பது ஆண்டு ஓடியது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, தவறு நுழையும் இடம். திட்டத்துக்கு அடிப்படை, நடப்பு நிலப் பயன்பாட்டு வரைபடம். செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைகிறார்கள், கொஞ்சம் களத்திலும் சரிபார்க்கிறார்கள். படம் ஏப்ரல், மே மாதத்தில் எடுத்ததாக இருந்தால் சம்பா அறுத்த வயல் கட்டாந்தரையாகத்தான் தெரியும். அது 'தரிசு' என்று பதிவாகிவிடும். தரிசு என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதை மனைக்கு விடுவதில் யாருக்கும் கை நடுங்காது. மண்டலம் பிரிக்கும் கட்டத்தில் போய் சண்டை போடுகிறோம். தோற்றது அதற்கு முந்தைய கட்டத்தில்.

இதை உடைக்க அடங்கல் போதும். அடங்கல் என்பது எந்த சர்வே எண்ணில், எந்தப் பசலியில் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டில்), என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று விஏஓ எழுதும் கணக்கு. பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். அடுத்தடுத்த 3 பசலிக்கு நகல் வாங்குங்கள். ஒரு பசலி மட்டும் கொடுத்தால் "அந்த வருஷம் மட்டும் சாகுபடி" என்று தள்ளிவிட முடியும். அடங்கலே களத்துக்குப் போகாமல் பழைய கணக்கைப் பார்த்து எழுதியதாக இருந்தால் (இருப்பதுண்டு) நெல் கொள்முதல் நிலைய ரசீது, பயிர்க் காப்பீட்டு ரசீது, கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன் விவரம் ஆகியவற்றைச் சேருங்கள். கூடவே நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டின் நகலும், வயலின் எல்லையையும் வாய்க்காலையும் காட்டும் புல வரைபடமும். அ-பதிவேட்டில் நன்செய் என்று இருக்கும் நிலம் திட்ட வரைபடத்தில் தரிசு என்று வந்திருந்தால், அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் உங்கள் வலுவான வாதம்.

புல வரைபடம் எதற்கு என்றால், வாய்க்காலுக்காக. ஆயக்கட்டின் (ஒரே பாசனத்தில் பாயும் நிலப்பரப்பின்) நடுவில் ஒரு ஏக்கர் மனையானால் போவது ஒரு ஏக்கர் மட்டுமில்லை. மனை போடுபவர் முதலில் கிராவல் அடித்து மேடாக்குவார். மேல் வயலிலிருந்து வடிந்து வந்த தண்ணீர் அங்கே முட்டி நிற்கும், மேலே நிற்கிற பயிர் அழுகும். கீழே உள்ள கடைமடைக்குப் பாய்ச்சல் வாய்க்கால் தூர்ந்து தண்ணீர் வராது. இரண்டு வருடத்தில் சுற்றியுள்ளவர்களும் "இனி இதில் என்ன விளையும்" என்று விற்பார்கள். அப்புறம் அதையே காரணம் காட்டி அந்தப் பகுதி முழுவதையும் வகைமாற்றுவார்கள். ஆகவே நில உரிமையாளர் மட்டும் ஆட்சேபித்தால் போதாது. அதே மதகில் பாயும் அத்தனை பேரும், நீர்ப்பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் பெயரிலும் தனி மனு போட வேண்டும். மதகின் பெயர், வாய்க்காலின் பெயர், பாயும் பரப்பு, எந்த சர்வே எண்ணில் வடிகால் அடைபடும் என்பது வரை எழுதுங்கள். ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து 500 பேர் கையெழுத்துப் போட்டால், அலுவலகக் குறிப்பில் அது ஒரே ஆட்சேபணையாகச் சுருங்கிவிடும்.

"நாங்கள் டெல்டா, எங்களுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: 2020-இல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தாமிர உருக்கு, தோல் தொழிற்சாலை போன்றவற்றை. வீட்டுமனை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை.

முழுமைத் திட்டம் இல்லாத கிராமங்களுக்கு 2017-இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகள் உண்டு. அங்கே உள்ளாட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். விண்ணப்பம் வந்த அன்றே சர்வே எண்ணோடு ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும், அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும் என்பதை விதியாக்கினாலே பாதி மறைவு வேலை நின்றுவிடும். கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு குறைவெண் (கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) 200 பேர். அது இல்லாமல் போட்ட தீர்மானத்தை ஒரு வரியில் தட்டிக்கழிக்கலாம். குறைவெண்ணோடு போட்டாலும் அது நகர் ஊரமைப்புத் துறையைக் கட்டுப்படுத்தாது, ஆனால் பதில் சொல்ல வேண்டிய ஆவணமாக நிற்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மஞ்சளாகட்டும் என்று விரும்பும் விவசாயிகளும் நிறைய. பெண் கல்யாணத்துக்கும் கடனுக்கும் நிலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாதவரிடம் போய் "பச்சையாகவே வைத்திரு" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஊர் ஒரே குரலில் பேசுகிறது என்று நடிக்கும் பங்கேற்பு, முதல் கூட்டத்திலேயே உடையும். கேரளம் 2008-இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிப் பிரதிநிதிகள் மூவர் கொண்ட உள்ளூர்க் குழுவை அமைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நெல்வயல் தரவுப் பட்டியலில் வயலே இல்லாத இடங்களும் ஏறிவிட, நீக்கக் கோரும் விண்ணப்பங்கள் குவிந்தன. கணக்கெடுப்பில் ஊர் உட்காராவிட்டால் பாதுகாக்கும் சட்டமும் இப்படித்தான் வெறுப்பைச் சம்பாதிக்கும்.

இன்னொரு கூட்டம் எந்தக் கூட்டத்திலும் இருப்பதில்லை. குத்தகைதாரர்கள். பட்டா அவர்கள் பெயரில் இல்லை, விற்கும்போது யாரும் கேட்பதும் இல்லை. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்திருந்தால் மனுவில் அந்தப் பதிவைக் குறிப்பிடலாம். பதியாதவர்களும் எழுதலாம், பிரிவு 26 யாரும் ஆட்சேபிக்கலாம் என்றுதான் சொல்கிறது.

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் சேர்ந்ததற்கான சான்றோடு விரைவுத் தபால். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. அதில் "ஏன் ஏற்கவில்லை" என்று கேட்டால், விளக்கம் தருவது எங்கள் வேலையில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: என் மனு மீதான கோப்புக் குறிப்பின் நகல், கள ஆய்வு நடந்த தேதி, ஆய்வு செய்தவரின் பதவி, செயற்கைக்கோள் படம் எடுத்த மாதம், வந்த மொத்த ஆட்சேபணைகள், ஏற்றவை எத்தனை. 30 நாளில் தகவல் வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.