பகடு

முப்பத்தோரு வருஷம் டீச்சர் வேலை, எல்லாம் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே. இப்போது மஞ்சக்குப்பத்தில் ஓய்வாக இருக்கிறேன். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2009இல் என் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பையன்கள். ‘படகு’ என்று சொன்னால் இரண்டு பேருமே ‘பகடு’ என்று எழுதுவார்கள். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்பது நாளுக்கு நாள் மாறும். ஒருவனுடைய அப்பா வங்கி அதிகாரி. சென்னைக்குக் கூட்டிப்போய்ச் சோதித்து, டிஸ்லெக்சியா, அதாவது எழுதப் படிக்கத் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு, என்று சான்றிதழ் வாங்கி வந்தார். அடுத்த வருஷம் பொதுத்தேர்வில் அவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது, சொல்வதை எழுத ஆளும் கிடைத்தது. நல்ல மார்க். சந்தோஷம்தான், அது அவனுக்கு உரியது.

இன்னொருவன் காலனிப் பையன். அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்நுனியெல்லாம் கறுத்துத் தோலுரிந்திருக்கும். ரேங்க் கார்டில் கைநாட்டு வைக்க வந்தபோது பார்த்தேன். வாரக் கடைசியில் அவர் கூலிக் கணக்கைப் பையன்தான் போடுவானாம். ஏழே முக்கால் கிலோ, ஆறரை கிலோ, எல்லாம் மனக்கணக்கு. “ஒரு ரூபா தப்பாது டீச்சர்” என்றார். நான் என்ன செய்தேன்? ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் அவன் பெயரை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன். ஸ்டாஃப் ரூமில் ஒருவர், “அவங்க வீட்ல யாரு படிச்சிருக்கா, அவ்வளவுதான் வரும்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தேன். பத்தாவது பாதியிலேயே அவன் நின்றுவிட்டான்.

ஒரே ‘பகடு’தான். ஒருவனிடம் குறைபாட்டைப் பார்த்தோம், இன்னொருவனிடம் சாதியைப் பார்த்தோம்.

இது நம்மூரில் மட்டும் நடப்பதும் இல்லை. கலிபோர்னியாவில் 1968-69இல் பள்ளிப் பிள்ளைகளில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 9 சதவீதம். ‘மூளை வளர்ச்சி குறைவு’ என்று ஒதுக்கிய வகுப்புகளிலோ அவர்கள் 27 சதவீதம். சில பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகளைக் கறுப்பின உளவியலாளர்கள், அவர்களுக்குப் பழகிய பேச்சில் கேள்வி கேட்டு மறுபடி சோதித்தபோது, ஒதுக்குவதற்கு வைத்திருந்த ஐக்யூ வரம்பை மதிப்பெண் தாண்டிவிட்டது! ஐக்யூ தேர்வை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை அப்படி ஒதுக்கக் கூடாது என்று 1979இல் தீர்ப்பு வந்தது. அங்கே இல்லாத குறையை ஒட்டினார்கள். நான் இருந்த குறையைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டிலும் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தாகிவிட்டது.

சட்டம் அப்போது இல்லையே என்பீர்கள். சரிதான், மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் கற்றல் குறைபாடு கிடையாது. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் அது வந்தது. ஆனால் தேர்வுச் சலுகை அதற்கு முன்பே இருந்தது, ஒருவன் வாங்கினானே! இன்றைக்கும் மாற்றுத்திறனாளி மாணவர் என்றால் சாய்தளம் கட்டி போட்டோ எடுப்பதோடு பல பேருக்குக் கடமை முடிந்துவிடுகிறது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் பள்ளி பள்ளியாக அலைகிறார், பாவம். அவரிடம் “இந்தப் பிள்ளையைப் பாருங்கள்” என்று சொல்ல வேண்டியது வகுப்பு டீச்சர். அந்த டீச்சர் என்னைப் போல டீ குடித்துக்கொண்டிருந்தால்?

போன மாதம் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் “டீச்சர், நல்லா இருக்கீங்களா?” என்று வந்தார். அவன்தான். லோடு வண்டி ஓட்டுகிறானாம். கூட மூன்றாவது படிக்கிற பெண். பேச்சுவாக்கில் அவள் நோட்டை எடுத்துக் காட்டினான். எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடந்தது.

“எனக்கு வந்ததுதானா டீச்சர் இது?”

இருக்கலாம்ப்பா, குடும்பத்தில் வரும் என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் பள்ளிச் சிறப்பாசிரியருடைய நம்பரை விசாரித்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை இருவரும் கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.